ரெப்புக்கு எதுக்குப்பா நீட்?

நான் மெடிக்கல் ரெப். திருச்சிதான் ஹெட்குவார்ட்டர்ஸ். புதுக்கோட்டையும் பெரம்பலூரும் எக்ஸ்-ஸ்டேஷன், அதாவது காலையில் போய் இரவே திரும்பும் ஊர்கள். 2003ஆம் வருடம் தோளில் மாட்டிய பையை இன்னும் இறக்கவில்லை. கம்பெனி மூன்று மாறியிருக்கிறது. பை ஆறோ ஏழோ மாறியிருக்கிறது. தில்லைநகர் கிளினிக்குகளின் வாசலில் கிடக்கும் நாற்காலிகள்கூட மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கும், பிளாஸ்டிக்கிலிருந்து ஸ்டீலுக்கும் மாறிவிட்டன. நான் உட்காரும் இடம் மட்டும் மாறவில்லை. கதவுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில்.

இப்படிப்பட்டவன் 2024இலும் 2025இலும் நீட் எழுதினான் என்பது ஊருக்குள் மெல்லப் பரவி, இப்போது வாரத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். ஒருவர் பேங்க்கில் இருக்கிறார், ஒருவர் சாஃப்ட்வேர், ஒருவர் பாலிடெக்னிக்கில் வாத்தியார். எல்லோரும் நாற்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். கேள்வி ஒன்றுதான்: "நாமளும் எழுதலாமாண்ணே?" ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எழுதலாம். சட்டம் தடுக்கவில்லை. 2017இல் 25 வயது என்று உச்சவரம்பு வைத்தார்கள், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30. அதை எதிர்த்து வழக்குகள் போனது, நீதிமன்றம் இடைக்காலமாக எழுத அனுமதித்தது எல்லாம் பழைய கதை. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. கீழே 17 வயது என்ற கோடு மட்டும் உண்டு, மேலே வானம். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் கணக்கில்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களும் மனம் தளர வேண்டாம். உயிரியலைப் பிறகு கூடுதல் பாடமாக எழுதித் தேறியிருந்தாலும் செல்லும் என்று 2023 நவம்பரில் அறிவித்துவிட்டார்கள்.

போன் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே சந்தோஷமாகி வைத்துவிடுவார்கள். மீதியைக் கேட்பதில்லை.

நான் பிளஸ் டூ முடித்தது 1999இல். தமிழ் மீடியம், அரசு உதவி பெறும் பள்ளி. அப்போது நீட் கிடையாது. தமிழ்நாட்டுக்கென்று தனி நுழைவுத் தேர்வு இருந்தது. 1984இல் எம்.ஜி.ஆர். காலத்தில் வந்தது, 2007-08 கல்வியாண்டு முதல் எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300க்குக் கட்ஆஃப். நான் வாங்கியது 274. நல்ல மதிப்பெண்தான், சீட்டுக்குத்தான் போதவில்லை. "இம்ப்ரூவ்மெண்ட் எழுதுடா" என்றார் விலங்கியல் சார். அப்போதெல்லாம் ஒரு வருடம் உட்கார்ந்து பிளஸ் டூவைத் திரும்ப எழுதி மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்ளலாம். அப்பா மெக்கானிக் ஷாப்பில் இருந்தார். ஒரு வருடம் சும்மா உட்கார வைக்க அவரால் முடியாது என்று அவர் சொல்லவில்லை. நானே பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு அப்ளிகேஷன் வாங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு புத்தூர் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், பெரியாஸ்பத்திரிப் பக்கம் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்து நடக்கும் பிள்ளைகளைப் பார்ப்பேன். கோட்டைப் போட்டுக்கொண்டு போகிறவர்களைவிட மடித்துப் பிடித்திருப்பவர்களைப் பார்த்தால்தான் வயிற்றெரிச்சல் அதிகம்.

சரி, படித்த கதைக்கு வருகிறேன். இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

ரெப் வேலையில் நேரமே இல்லை என்பார்கள். பொய். ரெப் வேலையில் நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பதினோரு டாக்டர்களைப் பார்க்க வேண்டும். பார்ப்பது ஒருவருக்கு ஒன்றரை நிமிஷம், காத்திருப்பது சில இடங்களில் ஒன்றரை மணி நேரம். "பேஷண்ட் முடியட்டும் சார்" என்று ரிசப்ஷன் அம்மா சொல்லும், ராத்திரி பத்துக்குத்தான் பேஷண்ட் முடியும். அந்த நேரத்தில் மற்ற ரெப்கள் போனில் ரீல்ஸ் பார்ப்பார்கள், ஏரியா மேனேஜரைத் திட்டுவார்கள். நான் டாக்டரிடம் காட்டும் விஷுவல் எய்டுக்குள் என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் பக்கங்களைச் செருகி வைத்துப் படித்தேன். பார்க்கிறவர்களுக்கு, பாவம், புது பிராடக்ட்டை மனப்பாடம் செய்கிறான் என்று தோன்றியிருக்கும்.

முதலில் வாங்கியது பழைய புத்தகக் கடையில் கிடைத்த பழைய பதிப்பு. அதில் பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் ஜீரண மண்டலம் என்றொரு அத்தியாயம். இரைப்பைச் சுவரில் ஆக்ஸின்டிக் செல்கள் இருக்கின்றன, அவைதான் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கின்றன என்று ஒரு வரி. அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன். நான் பேன்டோபிரசோல் விற்க ஆரம்பித்து எத்தனையோ வருடம் ஆகிறது. "புரோட்டான் பம்ப் இன்ஹிபிட்டர் சார், ஒன்ஸ் டெய்லி, பிஃபோர் ஃபுட்" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பம்ப் எங்கே இருக்கிறது, எந்தச் செல்லின் சுவரில் உட்கார்ந்து அமிலத்தை இறைக்கிறது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பம்ப் என்பதை ஏதோ விளம்பரச் சொல் என்றே நினைத்திருந்தேன் என்றால் நம்புவீர்களா?

சிறுநீரகமும் அப்படித்தான். டெல்மிசார்ட்டான் என் பையில் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கும் மருந்து. ரத்த அழுத்தம் குறைந்தால் சிறுநீரகத்தின் ஜே.ஜி. செல்கள் ரெனினை விடுகின்றன, அது ரத்தத்தில் இருக்கும் ஆஞ்சியோடென்சினோஜனை ஆஞ்சியோடென்சினாக மாற்றுகிறது, அந்த ஆஞ்சியோடென்சின் ரத்தக் குழாய்களை இறுக்குகிறது, அட்ரினல் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டீரோனை வரவழைக்கிறது. இவ்வளவு பெரிய நாடகம் உள்ளே நடக்கிறது. அதில் ஆஞ்சியோடென்சின் வந்து உட்காரவேண்டிய நாற்காலியில் முன்கூட்டியே போய்த் துண்டு போட்டு உட்கார்ந்துகொள்வதுதான் என் மாத்திரை. ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, ஒரு இதய டாக்டரின் வாசலில், இது புரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உள்ளே போய் வழக்கம்போல ஒன்றரை நிமிஷம் பேசிவிட்டு வந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. ஜீரண மண்டலத்தை வரி விடாமல் படித்து, படமெல்லாம் வரைந்து முடித்த பிறகுதான் கோச்சிங் பையன் ஒருவன் சொன்னான்: "அங்கிள், அந்தச் சாப்டர் இப்போ சிலபஸ்லயே இல்ல." உண்மைதான். பாடநூலைக் குறைத்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள். 2024 முதல் நீட் பாடத்திட்டத்திலும் அது இல்லை. டாக்டராகப் போகிறவன் ஜீரணம் படிக்காமலே நுழைவுத் தேர்வு எழுதலாம்!

உயிரியல் இனித்தது என்றால் இயற்பியல் கசந்தது. சுழல் இயக்கத்தில் நான் பட்டபாட்டைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கணக்கு புரியாமலில்லை. புரிந்து, சமன்பாடு எழுதி, விடை கண்டுபிடித்துவிடுவேன், ஆனால் நான்கு நிமிஷம் ஆகும். 2025 தேர்வில் இருந்ததோ 180 கேள்வி, 180 நிமிஷம். கேள்வியைப் படிப்பது, போடுவது, ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கருப்பாக்குவது எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம். சரியென்றால் நான்கு மதிப்பெண், தப்பென்றால் ஒன்று பிடுங்கிக்கொள்வார்கள். பதினேழு வயதுப் பிள்ளைகள் கேள்வியைப் படிப்பதே இல்லை, பார்க்கிறார்கள். இரண்டு வருடம் தினமும் அதையே போட்டுப்போட்டு அவர்களுக்குக் கை தானாக ஓடுகிறது. நமக்கு அறிவு இருக்கும், வேகம் இருக்காது. போதாததற்கு வெள்ளெழுத்து வேறு. கேள்வித்தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தைக் கண்ணாடி கழற்றிப் பார்த்து, அதிலேயே ஐந்து நிமிஷம் போய்விடும்.

தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். 2018இல் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னதும், பிறகு உச்ச நீதிமன்றத்தில் அது நிற்காமல் போனதும் நினைவிருக்கும். ஆனாலும் தமிழைத்தான் எடுத்தேன். தமிழ் எடுத்தால் பக்கத்திலேயே ஆங்கிலக் கேள்வியும் இருக்கும். இழைமணி என்று படித்தவனுக்கு மைட்டோகாண்ட்ரியாவும் தெரியும். இரண்டு கண்ணும் இருக்கும்போது ஒன்றை ஏன் மூட வேண்டும்?

2024இல் முதல் முயற்சி. 268. அந்த வருடம் தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவுக்கே 162தான் என்பதால் நான் 'பாஸ்'. சொந்தக்காரர்கள் போன் மேல் போன். "எந்த காலேஜ் மாப்ளே?" என்று பெரியப்பா கேட்டார். 13 லட்சம் பேர் தகுதி பெற்றிருக்கிறார்கள், நாடு முழுக்க இருக்கிற எம்.பி.பி.எஸ். இடம் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் என்று விளக்கினேன். "அப்ப எதுக்குப் பாஸ்னு போடறான்?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை.

இரண்டாவது முறை 2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாள். இரண்டு மணித் தேர்வுக்கு ஒன்றரைக்கே கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் பதினொன்றரைக்கே போய்விட்டேன். அரைக்கைச் சட்டை, சாதாரணச் செருப்பு, கையில் ஹால் டிக்கெட், தண்ணீர் பாட்டில். வாட்ச்சும் போனும் உள்ளே கூடாது. வைத்துவிட்டுப் போக இடம் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். "என்னய்யா, பையனைக் கொண்டாந்தியா?"

திரும்பினால், என் கால் லிஸ்ட்டில் இருக்கிற டாக்டர். 15 வருடமாக மாதம் இரண்டு முறை அவர் வாசலில் உட்கார்கிறேன். அவர் மகளைத் தேர்வுக்கு அழைத்து வந்திருந்தார்.

"இல்ல சார். நான்தான் எழுதறேன்."

முதலில் சிரித்தார். ஹால் டிக்கெட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வாங்கி, என் போட்டோவையும் என்னையும் பார்த்தார். "ரெப்புக்கு எதுக்குப்பா நீட்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் சொல்ல வாயெடுக்கும்முன் வரிசை நகர்ந்தது. "சரி சரி, வாட்ச்சைக் குடு, போனைக் குடு" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கெமிஸ்ட்ரில டைம் வேஸ்ட் பண்ணாத. பயாலஜிய முதல்ல முடி."

தேர்வு முடிந்து, கூட்டத்தில் இடிபட்டு வெளியே வர ஐந்தே முக்கால். அவர் மகள் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். அப்பாவும் மகளும் வேப்பமர நிழலில் எனக்காகக் காத்திருந்தார்கள். அந்த வருடம் இயற்பியல் எல்லோரையும் புரட்டிப் போட்டிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் அழுது வீங்கியிருந்தது. அவளுக்கு நான், 42 வயதுக்காரன், "எல்லாருக்கும்தான்மா கஷ்டம், கட்ஆஃப் இறங்கும்" என்று ஆறுதல் சொன்னேன். சொன்னபடியே இறங்கியது. அகில இந்திய முதலிடமே 720க்கு 686தான்.

எனக்கு 412.

அரசுக் கல்லூரிக்குப் போதவில்லை. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு எனக்கு வராது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும், உதவி பெறும் பள்ளி கணக்கில் சேராது. தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டில் கிடைக்கலாம் என்று இரண்டு புரோக்கர்கள் போன் செய்தார்கள். ஒரு வருடக் கட்டணம் என் ஒன்றரை வருடச் சம்பளம்.

கடன் கேட்டு ஒரு பேங்க்குக்கும் போனேன். மேனேஜர் சின்னப் பையன். "கோ-அப்ளிகன்ட்டா அப்பா அம்மா யாராவது கையெழுத்துப் போடணும் சார்" என்று வழக்கமான வாக்கியத்தை ஆரம்பித்துப் பாதியில் விழுங்கிக்கொண்டார். அன்றிரவு என் மனைவி கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். படிப்பு நாலரை வருடம், பயிற்சி மருத்துவராக ஒரு வருடம், அதற்கப்புறம் தவணை தொடங்க அவகாசம் ஒரு வருடம், திருப்பிக் கட்ட அதிகபட்சம் 15 வருடம். கடைசித் தவணை கட்டும்போது எனக்கு வயது 64. நடுவில் மகளின் கல்லூரி, அம்மாவின் முழங்கால் ஆபரேஷன். எல்லாம் எழுதிவிட்டு, "படிக்க ஆசைன்னா நான் குறுக்க நிக்கமாட்டேங்க. ஆனா இந்தப் பேப்பர நீங்களே ஒரு தடவ பாத்துருங்க" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. ஒடிசாவில் ஸ்டேட் பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் 2020இல், 64 வயதில், புர்லா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தென்காசிப் பக்கம் 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மகளோடு சேர்ந்து படித்து 2025இல் தேறி, மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கினார். பேப்பரில் படித்தபோது கண் கலங்கியது. ஆனால் என்னை ராத்திரியெல்லாம் தூங்கவிடாமல் செய்தது இன்னொருவரின் செய்தி. தர்மபுரி மாவட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர், 61 வயது. நீட் தேறி, 2022 ஜனவரியில் சென்னைக் கலந்தாய்வு வரைக்கும் வந்துவிட்டு, இடத்தை ஒரு இளம் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துத் திரும்பிப் போனார். நாம் பத்துப் பதினைந்து வருடம் வைத்தியம் பார்ப்போம், ஒரு சின்னப் பிள்ளை நாற்பது வருடம் பார்க்கும் என்பது அவர் குடும்பத்தின் கணக்கு.

இந்தக் கணக்கோடு நான் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். பதினெட்டு வயதில் அரசு சீட்டு வாங்கி, படித்து முடித்ததும் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறவரிடம் யாரும் இந்த நாற்பது வருடக் கணக்கைக் கேட்பதில்லையே என்பது என் வாதம். இன்றைக்கும் அந்த வாதத்தை விடவில்லை. ஆனால் வேப்பமரத்தடியில் அழுதுகொண்டு நின்ற அந்தப் பெண்ணும் நானும் ஒரே இடத்துக்கு நிற்கிறோம் என்று வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டுக்கொண்டபோது, வாதம் பாதியில் நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. "ரெப்புக்கு எதுக்குப்பா நீட்?" என்ற கேள்விக்கு இன்றுவரை நான் அந்த டாக்டருக்குப் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் உண்மையான பதில் அவ்வளவு அழகாக இல்லை. நோயாளிக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது கொஞ்சம் இருந்தது. கிளினிக் வாசலில் என் டையைப் பார்த்து டாக்டர் என்று நினைத்து, "இந்த மாத்திரைய எப்பப்பா போடணும்?" என்று சீட்டை நீட்டும் ஆயாக்களிடம், "உள்ள கேளுங்கம்மா" என்று சொல்லிச்சொல்லி அலுத்திருந்தது உண்மை. ஆனால் பெரும்பங்கு, கதவுக்கு உள்ளே உட்கார வேண்டும் என்ற ஆசை. வெளியே யாராவது எனக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த ஆசைக்கு ஐந்தரை வருடச் சம்பளத்தையும் ஒரு வீட்டையும் அடகு வைக்கக் கூடாது என்பது என் தீர்ப்பு.

ஆகவே போன் செய்யும் நண்பர்களே, புத்தகம் வாங்குமுன் கரண்ட் பில்லின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். அரசுக் கல்லூரி கிடைத்தாலும் கட்டணம்தான் குறையும், ஐந்தரை வருடம் வீட்டுக்கு அரிசி வாங்குவது யார் என்ற கேள்வி அப்படியே இருக்கும். பயிற்சி மருத்துவருக்கு உதவித்தொகை வருவது கடைசி ஒரு வருடம்தான். வீட்டில் இன்னொரு சம்பளம் உறுதியாக வருகிறதா, பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்களா, அப்படியென்றால் தாராளமாக இறங்குங்கள், இரண்டு வருடம் முழுசாகக் கொடுங்கள். வேலை பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் இறங்காதீர்கள். அதற்கு வேலையை மாற்றுவது மலிவு.

நான் 2026இல் எழுதப் போவதில்லை. மறுபடி தில்லைநகர்தான். அந்த டாக்டரிடம் மட்டும் இப்போது காத்திருப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. மகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிட்டாளாம், பழைய வினாத்தாள் கட்டுகளை யாருக்காவது கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். அவற்றோடு என் புத்தகங்களும் குறிப்பு நோட்டுகள் பதினொன்றும் வீட்டில் கிடக்கின்றன. திருச்சிப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலிடம். ஜீரண மண்டலம் இருக்கும் அந்தப் பழைய பதிப்பை மட்டும் கேட்காதீர்கள், அது பையில் இருக்கிறது.